தேனம்மையின் கால்வலி

உ

காரைக்குடி
ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம்

பர்மா மௌல்மேனில் இருக்கும் சிரஞ்சீவி வயிரவனுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. பிள்ளையார் புண்ணியத்துல நானும் உன்னைப் பெத்த அப்பச்சியும் சுகம், அங்க நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமா இருக்கணும். உன் தங்கச்சி தேனம்மையைப் பத்தித்தான் அப்படி எழுத முடியலை.

சித்திரையில நம்ம வீட்டு வளவு முத்தத்துப் படியில இடறிக் கால் பிசகினது உனக்குத் தெரியும். வைத்தியர் செம்மலை வந்து மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாரு, கட்டைப் பிரிச்சப்ப வீக்கம் வத்திருச்சு, வலி மட்டும் போகலைப்பா, நாளுக்கு நாள் கூடிக்கிட்டே வருது. பாதம் ஒருசமயம் நாவப்பழ நிறத்துல சில்லிட்டுக் கிடக்கு, ஒருசமயம் செவந்து கொதிக்குது, பாவாடை நுனி பட்டாலே துடிக்கிறா, விசிறிக் காத்துகூட ஆகலை. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறான்னு பங்காளி வீட்டுல பேசுறாக. அப்பச்சி வழி தெரியாம சூடு போடுறவரை வரச்சொல்லிட்டாக. அந்த ஆளு கம்பியைக் காய வைக்கிறதைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரெண்டாங்கட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அப்பச்சி எவ்வளவோ கூப்பிட்டாக, நான் திறக்கலை. கடைசியில, சரி மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்னு அவுகளே சொன்னாக.

அங்க ஆசுபத்திரியில ஒரு லேடி டாக்டர் தேனம்மைகிட்டயே எல்லாம் கேட்டாக. எலும்பு நல்லாயிருக்கு, ஆனா வலி நெசம், பிள்ளை பொய் சொல்லலை, நரம்புதான் கலங்கிப் போயிருக்கு, இனிமே கட்டிப் போடாதீக, வெதுவெதுப்பான தண்ணியில வச்சு, மெல்லத் தொட்டுப் பழக்கி, கொஞ்சங்கொஞ்சமா ஊன்ற வைங்கன்னு சொன்னாக. குணமாகுமான்னு கேட்டேன், அநேகமா ஆகும்னாக. அந்த அநேகமாங்கிறது நெஞ்சுல முள்ளா நிக்குது. முதல்ல ஊன்றச் சொன்னப்பல்லாம் அழுதா, நானே கெடுக்குறேனோன்னு பதறுது. ஆத்தா, காலை எடுத்துட்டா வலி போயிருமான்னு கேக்குறாப்பா. நேத்துத்தான் முதல்தடவையா என் கையைப் பாதத்துமேல வைக்க விட்டா. எடுக்கட்டுமான்னு கேட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கட்டும்னா. பாதம் இன்னும் சில்லுன்னுதான் இருக்கு.

செல்லம் கொடுக்காதீக, அடிச்சா நடந்துருவான்னு நீ எழுதினதை அவ படிச்சுட்டாப்பா. அதுலேருந்து வலிச்சாலும் வாயைத் திறக்கிறதில்லை, அழுகையை அடக்குறதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. அவ பேருக்கே ஒரு கடுதாசி போடு. வலிக்குதுன்னு அண்ணன் நம்புறேன்னு மட்டும் எழுது, புத்திமதி ஒண்ணும் வேண்டாம். தபால் கப்பலைத் தவறவிடாம இந்த வாரமே போடு.

நோய்நொடி அண்டாம நீ நூறு வருஷம் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சிட்டாள்