பவளத்துறைச் சோனகருக்கு ஆகுமான சோறு

நலம் பெருகுக. மழை முறை தவறாத வெண்மணல் நாட்டை ஆளும், முத்துக்குடைக்கு உரிய மன்னர் பொற்றிரையர் திருவாணையால் அமைச்சன் ஆதன் சாத்தன் எழுதுவது. பவளத்துறை அறச்சாலை அதிகாரியும் நம் அன்பிற்குரியவருமான நக்கன் கொற்றன் கைக்கொண்டு காண்க. உம் அடுப்புகள் அணையாதிருக்க வாழ்த்துகிறோம்.

புயலில் கலம் உடைந்து உம் கரை சேர்ந்த, அல்லாஹ்வைத் தொழும் சோனகர் குடும்பங்களுக்கு ஆகுமான உணவே இடவேண்டும் என்று முன்னர் ஓலை விடுத்தோம். நீர் அதை உடம்புக்கு ஆகும் உணவு என்று பொருள்கொண்டு, மருத்துவரை வரவழைத்து, மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட ஆட்டுக்கறிக் கஞ்சி காய்ச்சியதாக அறிந்தோம். உம் அக்கறையில் குறையில்லை. இங்கே அவையோர் சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று. ஆயினும் அந்த ஆட்டை அறுத்தவர் யார், இறைவன் பெயர் சொல்லி அறுத்தாரா, பன்றிக்கறி கிண்டிய அகப்பை கஞ்சியில் பட்டதா என்று கேட்ட, அவர்களுள் ஒருத்தியான மீறாளும்மாளுக்கு விடை சொல்வார் இல்லை. கைக்குழந்தைக்குப் பாலூட்டும் அவள் கஞ்சியைத் தொடாமல் இளநீரோடு கிடக்கிறாள் என்றும், பால் வற்றிவருகிறது என்றும் அந்த மருத்துவரே சொல்லியனுப்பினார். இது சிரிக்கத்தக்கதன்று.

சோனகர் வழக்கில் ஆகுமானது என்றால் அவர்கள் மார்க்கம் அனுமதித்தது என்று அறிக. ஆகவே அவர்களுள் ஒருவரே அறுக்கட்டும். அவர்களுக்கான சமையலுக்குத் தனி அடுப்பும் பானையும் அகப்பையும் இருக்கட்டும். அத்தகைய கறி கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்று சொல்லி மீனோ பருப்போ இடுக. வேறு கறியை இதுதான் என்று சொல்லி இடுதல் கூடாது.

இனி உம் முறையீடு. இலவசமாக உண்ண வந்தவர் கேள்வி கேட்பது அரசை அவமதிப்பதாகும் என்று எழுதியிருந்தீர். அதைத் திருமுன் வாசித்தபோது மன்னர் உணவுக்கு அமர்ந்திருந்தார். எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, தாமும் வேளைதோறும் இதைச் சமைத்தவர் யார், சுவைத்துப் பார்த்தவர் யார் என்று கேட்ட பின்னரே உண்பதாகவும், அதை இதுவரை எவரும் அவமதிப்பு என்று சொன்னதில்லை என்றும் அருளிச்செய்தார்.

ஆதலால் சங்கு முத்திரையிட்டு விடுக்கும் ஆணை இது: மீறாளும்மாள் கேட்கும்போது, மன்னரே கேட்டதாகக் கொண்டு, நீர் எழுந்து நின்று விடை சொல்க. அவள் உண்ட பின்னரே நீர் உண்க.