மாற்று வேட்பாளர்

புத்தூர்,
அக்டோபர் 6

கண்ணு பிரித்திகா,

போனில் நீ ‘நைனா’ என்று ஆரம்பித்ததுமே நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நான் மாற்றினால் நீயும் மாற்றுகிறாய். அப்புறம் இரண்டு பேரும் மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் கையால் எழுதி, படம் பிடித்து மெயிலில் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். அம்மா விட்டுப்போன எம்.எல்.ஏ. இடத்துக்கு இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கட்சி எனக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறது. கன்னையா நேற்று வீட்டுக்கு வந்து சொன்னார். மாவட்டத்துக்கே பொறுப்பாளர், அவர் சொன்னால் மேலிடம் சொன்ன மாதிரி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு அந்த வேலை என்ன தெரியும் என்று கேட்டேன். சிரித்தார்.

“ஒண்ணும் தெரிய வேணாம்ப்பா. மேடம் போட்டோ பக்கத்துல நின்னுக்கினு கை கூப்பு, போதும். மந்திரி பதவி மேடத்துக்குன்னு பேசி வச்சிருந்தது. அதுவும் உனக்குத்தான் வரும்.”

உன் அம்மா சித்தூரில் அதிகாரிகள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தாள். பாதி வாக்கியத்தில் போனவள். மீதியை யாராவது முடிக்க வேண்டாமா? அப்படி நினைத்துத்தான் தலையாட்டினேன்.

ரோஜாவும் மனு போடுகிறாள். உனக்குத் தெரியுமே, அம்மாவோடு சுற்றிக்கொண்டிருந்த வக்கீல், இப்போது கட்சியின் மண்டலத் தலைவர். என் மனு தள்ளுபடியானாலோ நான் விலகினாலோ கட்சிச் சின்னம் அவளுக்குப் போகும். அதற்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே இந்த இடத்தைக் கணக்குப் போட்டிருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கன்னையா உன்னிடம் ஒரு வீடியோ கேட்கிறார். ஒரு நிமிஷம் போதும். ‘அம்மாவின் கனவை நைனா நிறைவேற்றுவார்’ என்று சொல்ல வேண்டும். வெள்ளைப் புடவை இருந்தால் நல்லதாம்.

பிரச்சார வேனில் அம்மாவின் பழைய பேச்சைப் போடுகிறார்கள். காலையில் வாசலில் வேன் கிளம்பும்போது அவள் குரல் வீட்டுக்குள் வருகிறது. நான் ஷேவிங் சோப்போடு அப்படியே நின்றுவிடுகிறேன்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

உன் நைனா,
வரதராஜன்


லீட்ஸ்,
அக்டோபர் 8

அன்புள்ள நைனா,

மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அம்மா இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

நான் டாக்டருக்குப் படித்து முடித்து, மயக்க மருந்துத் துறையில் இத்தனை வருஷம் பயிற்சி எடுத்திருக்கிறேன். இன்றைக்கும் ஒரு சிக்கலான கேஸ் என்றால் பக்கத்தில் பெரிய டாக்டர் நிற்காமல் என்னைத் தொட விடமாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. படுத்திருப்பவர் உயிரோடு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆளை மயங்க வைப்பதற்கே இவ்வளவு என்றால், ஒரு தொகுதியை, ஒரு இலாகாவை, கை கூப்பத் தெரிந்தால் போதும் என்று உங்களிடம் கொடுக்கிறார்கள். கன்னையா மாமாவுக்கு வேண்டியது உங்கள் முகத்தில் இருக்கும் துக்கம். அதை வாங்கிக்கொண்டு உங்களை அங்கே உட்கார வைத்துவிட்டு, அவர் நடத்துவார்.

அம்மா கவுன்சிலராக இருந்தபோது தண்ணீர் குழாய் எந்தத் தெருவில் எத்தனை அடியில் போகிறது என்று தெரிந்துகொள்ள, இன்ஜினியரோடு சாக்கடைக்குள் இறங்கிவிட்டு வந்து, வாசலிலேயே நின்று கால் கழுவியது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள்தான் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். நீங்கள் நல்லவர் நைனா. அந்த வேலைக்கு நீங்கள் தயாராக இல்லை.

வீடியோ தரமாட்டேன். என்னிடம் வெள்ளைப் புடவையும் இல்லை.

ரோஜா அக்கா சாவு வீட்டில் யாரிடம் பேசினார் என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான். நான் விமான நிலையத்தில் டிக்கெட் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எடுக்கிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, முடியாதாம் என்று சொன்னார்.

மாத்திரை மறக்காதீர்கள்.

உங்கள்
பிரித்திகா


புத்தூர்,
அக்டோபர் 13

பிரித்திகாவுக்கு,

‘கண்ணு’ என்று எழுதக் கை வரவில்லை.

நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு எனக்கு மார்க் போடுகிறாய். போடு. ஆனால் நேற்று திருப்பதியில் என்ன நடந்தது என்பதையும் கேட்டுக்கொள். அங்கே வாக்காளர் மன்றம் என்று ஒரு அமைப்பு, எல்லா வேட்பாளர்களையும் மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்டது. இவர்கள் இந்தப் பொறுப்புக்கு லாயக்கா என்று ஜனங்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்பது ஏற்பாடு. எதிர்க்கட்சி ஆளிடம் தக்காளி விலை, கல்லூரிக் கட்டணம், பலமனேர் பக்கம் யானை வயலில் இறங்குவது என்று அரை மணி நேரம் வறுத்தெடுத்தார்கள். பேந்தப் பேந்த விழித்தான்.

என் முறை வந்தது. எழுந்து கை கூப்பினேன். பேச்சு வரவில்லை. நடிக்கவில்லை பிரித்திகா, நிஜமாகவே வரவில்லை. எதிரே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய ஆளே எழுந்து, “இவரை நாம என்னத்த கேட்கிறது” என்று தெலுங்கில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. கன்னையா என் முதுகைத் தட்டி, பாதி ஜெயித்தாச்சு என்றார்.

ஒருவர் கூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. நீ ஒருத்திதான் கேட்கிறாய்.

ஊர் ஊராக வேன் போகும்போது ஜனங்கள் மனுவோடு ஓடிவருகிறார்கள். கார்வேட்டிநகரம் பக்கம் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்து, “மேடம் வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். செத்துப்போனது தெரிந்தவள்தான். குரலைக் கேட்டதும் மறந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்ததை நான் பார்த்தேன். மனுவைக் கொடுக்காமலே திரும்பிப் போனாள்.

ரோஜா பற்றி நீ எழுதியது எனக்கு இதுவரை தெரியாது. தெரிந்ததும் நல்லதுதான். ஆனால் அதனால் எதுவும் மாறவில்லை.

வரதராஜன்


புத்தூர்,
அக்டோபர் 21

கண்ணு,

நீ பதில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் படிக்கிற நிலையில் நான் இல்லை. நேற்று நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று நாளாக விடாத மழை. மதியம் வெதுருகுப்பம் தாண்டி வேன் போய்க்கொண்டிருந்தது. நான், கன்னையா, ரோஜா, இன்னும் சிலர். ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் ஜெபகுமார் எனக்குப் போன் செய்தார். நான் இன்னும் யாருமில்லை, என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அம்மா இருந்தவரை மழை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார். அந்தப் பழக்கம்.

“சார், ஏரிக்கரையில நடுவுல கசிவு வந்துக்கினு இருக்குது. கிழக்குக் கோடியில கரைய வெட்டி விட்டா ஏரி தப்பிக்கும், ஆனா தண்ணி பாலையா வயல்ல எறங்கும். வெட்டறதா, மணல் மூட்டை வர்ற வரைக்கும் பாக்கறதா? மேடம் இருந்தா என்னா சொல்வாங்க?”

ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு முதலில் நினைவு வந்தது என்ன தெரியுமா? பாலையா. அவர் பின்னால் மூன்று கிராமத்து ஓட்டு இருக்கிறது. அப்புறம்தான் ஏரி நினைவுக்கு வந்தது. ஏரிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரவே இல்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, யோசிக்காமல், தெரியாத எதையும் எப்போதும் யாரிடம் கேட்பேனோ அவளுக்குப் போன் போட்டேன்.

அவளுடைய போனை அணைக்க மனமில்லாமல் நான்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது என் நெஞ்சிலேயே அடித்தது. குனிந்து பார்த்தேன், திரையில் ‘அவர்’ என்று என் பெயர். மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல், ‘உங்கள் வீட்டுப் பெண்ணாக வந்திருக்கிறேன்’ என்று பேசிக்கொண்டே போனது. கையில் இருந்ததைக் காதில் வைத்துக்கொண்டு அவள் எடுப்பாள் என்று நான் காத்திருந்தேன் கண்ணு. சத்தியமாகக் காத்திருந்தேன்.

ரோஜா என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, இன்ஜினியரைக் கூப்பிட்டாள். “கிழக்கே காலனி ஜனங்க வெளிய வந்துட்டாங்களா?” என்றாள். இன்னும் இல்லை என்றார். “மொதல்ல அவங்கள ஸ்கூலுக்குக் கொண்டு போங்க. தாசில்தாருக்கு நான் சொல்றேன். கடைசி வீடு காலியாச்சுன்னு நீங்களே கண்ணால பாத்துட்டு வெட்டுங்க. வெட்டச் சொன்னது ரோஜான்னு பாலையாகிட்ட சொல்லுங்க.”

கன்னையா அவள் மேல் பாய்ந்தார். தேர்தல் நேரத்தில் பாலையாவின் நெல்லை மூழ்கடிக்கிறாயா என்று கத்தினார். அவள் அடுத்த போனைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கரையை வெட்டினார்கள். ஏரி உடையாமல் நின்றது. காலனி வீடுகளில் இடுப்பளவு தண்ணீர், ஆள் யாரும் உள்ளே இல்லை. நான் மட்டும் பதில் சொல்லியிருந்தால், மணல் மூட்டை வரட்டும் என்று சொல்லியிருப்பேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நாளை மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். நான் போகிறேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை.

நைனா


லீட்ஸ்,
அக்டோபர் 21

அன்புள்ள நைனா,

உங்கள் கடைசி மெயிலுக்கு நான் பதில் எழுதவில்லை, அதற்குப் பிறகு நீங்களும் எழுதவில்லை. நானே முதலில் எழுதுகிறேன்.

உங்களைத் தயாராக இல்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை. அம்மா போனபோது நான் இல்லை. எடுத்த பிறகுதான் வந்தேன். வீட்டில் அவள் நாற்காலி காலியாக இருந்தது, அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்தாலும்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நீங்களாவது உட்கார்ந்தால் அம்மா முழுசாகப் போய்விடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரோஜா அக்கா வந்தால் ஒரு வருஷத்தில் எல்லாரும் அவரைத்தான் மேடம் என்பார்கள். இப்படி நினைப்பது தப்பு என்று தெரிந்தும் நினைக்கிறேன்.

வீடியோ இதோடு இருக்கிறது. பக்கத்து அறைத் தோழியின் வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பேசினேன். கன்னையா மாமாவிடம் கொடுங்கள். ஜெயித்து வாருங்கள்.

உங்கள் மகள்,
பிரித்திகா


புத்தூர்,
நவம்பர் 11

கண்ணு பிரித்திகா,

இரண்டு பேர் மெயிலும் ஒரே நாளில் கிளம்பி வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதை நான் பார்த்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேர்தல் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். நீ அழாமல் பேசியிருக்கிறாய். கன்னையாவுக்கு அதை அனுப்பவில்லை. அது எனக்கு.

இத்தனை நாள் நான் எழுதாததற்கும் நீ எழுதாததற்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

அன்றைக்கு வாசலில் கட்சிக்காரர்கள் நிறைய. கன்னையா எல்லார் முன்னாலும், “மேடத்த ரெண்டாந்தரம் சாவடிச்சிட்ட” என்றார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் அவர்கள் வருவதில்லை. நான் பணம் வாங்கிக்கொண்டு விலகினேன் என்று பாலையா சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும்.

ரோஜா மறுநாள் வந்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. டீயைக் குடித்துவிட்டு, “வேன்ல மேடம் குரல் வேணாம்ணா. நான் பேசறேன். தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும்” என்றாள். சரி என்றேன். அவள் போன பிறகுதான் என்னத்துக்குச் சரி சொன்னேன் என்று புரிந்தது. மறுநாளிலிருந்து காலையில் தெருவில் பால்காரர் மணி மட்டும் கேட்கிறது.

அவள் ஜெயிப்பாளா என்று கேட்டால், கஷ்டம் என்கிறார்கள். அனுதாபம் என்னோடு போய்விட்டதாம். காலனி ஜனங்கள் அவளுக்குப் போடுவார்கள், வயல் மூழ்கியவர்கள் போடமாட்டார்கள். காலனியில் வீடு குறைவு.

இன்றைக்கு ஓட்டுப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் நல்ல வரிசை. விரலில் மை வைத்து, அட்டை மறைப்புக்குப் பின்னால் அனுப்பினார்கள். ரோஜாவின் பெயர் இரண்டாவதாக இருந்தது, படத்தோடு, சின்னத்தோடு. அதைப் பார்த்தேன் கண்ணு, பார்த்துவிட்டுக் கீழே போனேன். மூன்றாவது, நான்காவது, கடைசி வரைக்கும். மறுபடியும் மேலே வந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. உன் அம்மாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாத் தேர்தலிலும் அது அங்கே இருந்தது. எனக்கு வேறு பெயரை அழுத்திப் பழக்கமில்லை.

வெளியிலிருந்து மை வைத்த அதிகாரி, “ஏம் சார், அயிந்தா?” என்று கேட்டார்.

இன்னும் முடியவில்லை என்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

நைனா