சாப்பாட்டுக்கு முன் மூடிய கண்கள்

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம்.

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு வேலை பழகிவிட்டது, கவலைப்படாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆபீஸில் சாப்பிடும் முன் ஜெபிக்கக் கண்ணை மூடுவேன். கொஞ்ச நாளாக வார்த்தை வருவதில்லை. அழுகையும் வருவதில்லை. சும்மா மூடியபடி இருப்பேன். பக்கத்து சீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தலைவலியா?" என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ஆமாம் என்று சொல்லி விழுங்கிவிட்டேன். மறுநாளும் மாத்திரை வந்தது.

"தலைவலி இல்லக்கா, ஜெபம். ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றேன்.

"வரலைன்னா என்ன, உக்காந்திரு. நீ கண்ணத் தொறக்குற வரைக்கும் நானும் சாப்பிடல."

அவருக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஆனாலும் தினமும் டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கிறார்.

வீட்டில் ஜெபத்துக்கு நான் போடும் பழைய முக்காட்டுத் துணியை அனுப்புங்கள். வீட்டு வாசனை போய்விடாமல், துவைக்காமலே அனுப்புங்கள்.

அப்புறம், வீட்டில் ஆளுக்கொருவராக ஜெபிக்கும்போது நான் அங்கே இல்லாவிட்டாலும் என் முறை வரும் இடத்தில், தம்பியை உடனே ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருங்கள். நானும் இங்கே அப்படித்தான் இருப்பேன்.

அக்கா கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்