பதின்மூன்று பேரும் நானும்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் பாப்பாவின் இருமலும் குறைந்ததா? உடனே எழுது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. காட்டைச் சுற்றிக்காட்டும் என் வேனில் பதினான்கு பயணிகள். காட்சிக் கோபுரத்தில் இறக்கி ஏற்றியதும் தலை எண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓட்டுநர் கணக்கில் சேர்த்தி இல்லை. செவ்வாய்க்கிழமை எண்ணினேன், பதினான்கு. பாதி வழியில் ஒரு அம்மா, "ஐயோ, எங்க வீட்டுக்காரரைக் காணோமே!" என்று அலறினார்.

திரும்பிப் போனால், மனிதர் கோபுர உச்சியில் இருக்கிறார். கீழே ஒரு கரடி அவருடைய தின்பண்டப் பையைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. "சத்தம் போடாதீங்க தம்பி, இன்னும் ரெண்டு படம் எடுத்துக்கிறேன்" என்கிறார்!

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வருகிற திங்கட்கிழமை எனக்கு விசாரணை. "இத்தனை வருஷமா ஓட்டுறே, உன்னையும் சேர்த்து எதுக்குய்யா எண்ணினே?" என்று மேனேஜர் அன்றைக்கே கேட்டுவிட்டார். வேலை போகாது என்றுதான் நினைக்கிறேன்.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த என் பழைய கண்ணாடிச் சீட்டைத் தேடி அனுப்பு. பாப்பா வரைந்து அனுப்பிய நம் வீட்டுப் படத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள். திட்டாதே, இன்னொரு தடவை எண்ணி வரையச் சொல்.

வேனுக்குப் பயணிகள் வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்