சப்பரம் சுமந்தவரின் நன்னடத்தைக் காலத்தை ரத்து செய்ய வேண்டாம்: அடிவாங்கியவரின் மனு

அனுப்புநர்:
ஜில்பெர்ட்டோ ஃபுர்ட்டாடோ (வழக்கில் அடிபட்டவர்),
ரொட்டிக் கடை, ஆர்ச்சர்டு தெரு,
ஹார்க்னஸ் துறைமுகம், மாசசூசெட்ஸ்.

பெறுநர்:
தலைமை நன்னடத்தை அலுவலர்,
மாவட்ட நீதிமன்றம், ஹார்க்னஸ் துறைமுகம்.

பொருள்: திரு. டெல்மீரோ பாச்செக்கோவுக்கு விசாரணைக்கு முன்பே வழங்கப்பட்ட நன்னடத்தைக் காலத்தை ரத்து செய்யும் முயற்சியைக் கைவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த பிப்ரவரியில் திரு. பாச்செக்கோ தெருவோரப் பனியை அள்ளி, தம் வண்டிக்கென நாற்காலி போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தில் என் வண்டியை நிறுத்தினேன். தெரு நகராட்சிக்குச் சொந்தம் என்பது அன்றும் இன்றும் என் கருத்து. அவர் அதே நாற்காலியால் என்னை அடித்தார். மூக்கு உடைந்தது. இன்றுவரை அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

2. முதல் குற்றம் என்பதால், விசாரணையை நிறுத்திவைத்து ஓராண்டு நன்னடத்தைக் காலம் கொடுத்தீர்கள். ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. என்னிடமிருந்து நூறு கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தேன். ஆனால் மனிதர் சொன்னபடி இருந்தார். ரொட்டி வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போனார்.

3. என் மனைவி இடாலினா புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆகஸ்ட் மாதா திருவிழாவில், நோயாளியின் வீட்டார் கேட்டால் சப்பரம் பாதை மாறி அந்த வாசலுக்கு வரும். நான் கேட்டேன். யார் யார் சுமக்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை. சுமப்பவர்களிடமும் பாதையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முன்னால் போகிறவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டியதுதான்.

4. எங்கள் தெருவில் திரும்பியதுமே திரு. பாச்செக்கோ, "யாராவது தோள் குடுங்கடா! நான் இங்க வரக் கூடாது, உள்ள தள்ளிடுவாங்க!" என்று கத்தியதை என் காதால் கேட்டேன். முன்னால் பிடித்திருந்தவர், "மாதாவ நடுரோட்டுல போட்டுட்டுப் போவியா? பேசாம நட!" என்றார். சப்பரம் என் வாசலில் நின்றது. இடாலினாவைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவர் மாதா சிலையில் தொங்கிய ரிப்பனைத் தொட்டு முடிக்கும்வரை, திரு. பாச்செக்கோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே நின்றார்.

5. நாலு கஜத்தில் நின்றார் என்று காவலர் எழுதிய அறிக்கை உண்மைதான். வரச் சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை. வரும் வியாழக்கிழமை விசாரணையில் இந்த நன்னடத்தைக் காலம் ரத்தானால், பழைய வழக்கு மீண்டும் எழுந்து அவர் மீது குற்றப் பதிவு விழும். குடியுரிமை இல்லாத அவரை, ஐந்து வயதில் விட்டுவந்த போர்ச்சுகலின் அசோர் தீவுக்கே அனுப்பிவிடலாம். அங்கே அவருக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

ஆகவே, ரத்து முயற்சியைக் கைவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், வியாழக்கிழமை அவருக்கு முன்பாக என்னைக் கூண்டில் ஏற்றி விசாரியுங்கள். அந்த நூறு கஜ நிபந்தனையையும் நீக்கித் தாருங்கள். என் மனைவி அடுத்த திருவிழா வரை தாங்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "என் சவப்பெட்டியத் தூக்க அந்தாளையும் கூப்பிடுங்க, நல்லா ஆடாம தூக்குறாரு" என்கிறார் இடாலினா. நூறு கஜம் தள்ளி நின்றுகொண்டு பெட்டியைத் தூக்க முடியாது.

இடம்: ஹார்க்னஸ் துறைமுகம்
நாள்: செப்டம்பர் 9

இப்படிக்கு,
ஜில்பெர்ட்டோ ஃபுர்ட்டாடோ
(கையொப்பம்)