கங்கு வைக்காத அடுப்பு

இன்று காலை மருமகள் பம்பு அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். அந்த வாடை வாசல்வரை வந்தது. மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. சீமைச் சண்டை முடிந்து, கீழே சேந்தமங்கலத்துக் கடைகளுக்கு எண்ணெய் மறுபடி வரத் தொடங்கிவிட்டது. இப்போது வந்து என்ன? நீதான் போய்ச் சேர்ந்துவிட்டாயே. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நல்ல கொடி ஒன்றைப் பிய்த்துப் போட்டேன். நீ இருந்திருந்தால் அதற்குப் பெண்டாட்டியிடம் ஒரு பாட்டம் திட்டு வாங்கியிருப்பேன்.

நம் புல்வேய்ந்த வீட்டில் புகை போக வழியில்லை. குளிர்காற்றுக்குப் பயந்து கதவையும் சாத்திவிடுவாய். இருமிக்கொண்டே நீ அடுப்பு ஊதுவதை என்னால் பார்க்க முடியாது. புகையை விட்டு விலக்காவிட்டால் இந்த நெஞ்சு தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுப்பை வாசலுக்கு மாற்றலாம் என்றேன்.

"அடுப்பு வெளிய போயிட்டா அப்பறம் அது ஊடாங்க?" என்றாய்.

என் அம்மா உன் கையில் விட்டுப்போன நெருப்பு அது. அணைய விடாமல் சாம்பல் மூடி நீ காத்து வந்தாய். அதைப் பற்றி உன்னிடம் வாய் திறக்க முடியாது.

அதனால்தான் பம்பு அடுப்பு வாங்கினேன். சேந்தமங்கலத்து விளக்குக்கடை பாய், தானே வந்து மாட்டித் தருவதாகச் சொல்லி என்னோடு மலையேறினார். "நீங்களா மாட்டி ஊட்டக் கொளுத்திப்புட்டு என் பேரச் சொல்லுவீங்க" என்று வழியெல்லாம் கிண்டல்.

நீ குனிய வேண்டாமே என்று, அடுப்பு வைக்கச் சுவரோரம் உயரமாகப் பலகை அடித்து வைத்திருந்தேன். பாய் அண்ணாந்து பார்த்தார். கூரைப்புல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூரை உயர்ந்திருக்கும் நடுவீட்டில், கதவுக்கு நேராக ஒரு தட்டைக்கல்லைப் போடச் சொன்னார். அடுப்பை அதன்மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். எண்ணெய் ஊற்றும் முன்பே, தீ வரும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு காற்றடித்தார். பூந்திக்கொட்டை நுரை கேட்டார், நீ கரைத்துக் கொடுத்தாய். குழாய் இணையும் பூட்டுகளில் அதைத் தடவியதும் ஓரிடத்தில் குமிழி கிளம்பியது.

"இன்னிக்குக் காத்து வர்ற எடத்துல நாளைக்கு எண்ணெய் வருமுங்க அம்மிணி" என்று அங்கே புது வளையம் மாட்டினார். மறுபடி நுரை தடவிக் குமிழி இல்லையென்று பார்த்த பிறகே எண்ணெய் ஊற்றினார்.

பற்றவைக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டாஞ்சில்லில் கனலும் நெருப்புக்கங்கை ஏந்திக்கொண்டு நீ வந்துகொண்டிருந்தாய். ஸ்பிரிட் புட்டி மூடாமல் பக்கத்தில் இருந்தது.

"அங்கயே நில்லுங்க அம்மிணி."

"பழைய அடுப்பு நெருப்பு இல்லாமப் புது அடுப்பு எப்படிங்க பத்தும்?"

"இந்தக் கங்கு வந்தா நல்லாப் பத்துமுங்க. ஊடும் சேந்து பத்தும்."

உன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தார். புட்டியை மூடி வெளியே கொண்டுபோய் வைத்தார். கங்கைப் பழைய அடுப்பிலேயே போட்டுவிட்டு, அதில் ஒரு குச்சியைப் பற்றவைத்துக் கொண்டுவரச் சொன்னார். நீ கொண்டுவந்த தீயில்தான் அந்த அடுப்பு எரிந்தது. பால் பொங்கியது. புகையே இல்லை. அன்று இருமல் குறுக்கிடாமல், பலகை அடித்த என் புத்தியை நீ முழுசாகக் கேலி பேசி முடித்தாய். அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் அந்தச் சீமைச் சண்டை வந்தது. எண்ணெய்க்காக இறங்கிப்போன எனக்குப் பாய் காலி டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். வேறு கடைகளிலும் இல்லை. மறுபடி விறகு. இந்தமுறை உன்னைக் கேட்காமல் அடுப்பை வாசலில் போட்டு நானே சமைத்தேன். மறுத்துப் பேச உனக்கு மூச்சு இல்லை.

ஐப்பசி மழையில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நான் களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய். ஒருநாள் நான் காட்டுக்குப் போய்த் திரும்பும்போது வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகைக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய்.

"நீங்க நனையறது எனக்குப் பொறுக்கலீங்க."

உன்னைத் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். எடையே இல்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டாய்.

எல்லாரும் என்னைத் தேறிவிட்டான் என்கிறார்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேரனோடு சண்டை போடுகிறேன். ஆனால் காட்டில் யார் சருகு கொளுத்தினாலும், கோயிலில் பொங்கல் வைத்தாலும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். புகை வரும் பக்கமாகப் போய் அதை மறித்து நின்றுகொள்கிறேன். கண் எரியுதே, இந்தப் பக்கம் வாங்க என்று கூப்பிடுகிறார்கள். நான் நகர்ந்தால் பின்னால் நிற்கும் உனக்கு அடிக்கும்.