உன் அம்மா தேர்ந்தெடுத்த லேப்டாப்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்குத்தான் குறை இல்லை என்றேன், மனசைப் பற்றிச் சொல்லவில்லை. அது சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நிற்கிறது. ஊரார் மாட்டிக்கொண்ட லிஃப்டையெல்லாம் இறக்கிவிட்டவன் நான், இதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து அம்மா பக்கம் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

லேப்டாப் ஒன்று வாங்கலாம் என்று உன் அம்மா கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். உன் முகத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், கரண்ட் பில் கட்டலாம், ஓய்வாகப் படம் பார்க்கலாம் என்று நானும் சரி என்றேன். எங்களோடு வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியனிடம் விசாரித்தேன். நம் விலைக்கு எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, நல்ல பெரிய திரை, இவை இருந்தால் போதும், மற்றதெல்லாம் கடைக்காரன் தலையில் கட்டுவது என்றான். அதை மனப்பாடம் செய்துகொண்டு பெரிய ஆள் மாதிரி கடைக்குள் நுழைந்தேன். நீளமான வெள்ளை மேஜைகளில் லேப்டாப்புகளை மெல்லிய கம்பியில் கட்டிப்போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண், வீட்டு உபயோகத்துக்கா படிக்கவா என்று கேட்டாள். வீட்டுக்குத்தான் என்றேன் நான். படிக்க என்றாள் உன் அம்மா. கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் காட்டிய பெரிய திரையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. கேமராவைத் திறக்கச் சொன்னாள், கைப்பையைக் கீழே வைத்தாள், இரண்டடி பின்னால் போய் நின்று கையால் பேச ஆரம்பித்தாள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள், வா, சாப்பிடு, கை கழுவு என்று நாலு சைகை தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. விரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின, புருவம் ஏறி இறங்கியது, உதடும் தோளும் கூடவே பேசின. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ திரையைப் பார்த்து, இதில் விரல் கலங்குகிறது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இந்த விலையில் கேமரா எல்லாமே சுமார்தான், படம் பார்க்க அது எதற்கு என்றாள் கடைப்பெண். பரீட்சையையே இதில் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும், விரல் தெரியாவிட்டால் மார்க் இல்லை என்றாள் உன் அம்மா. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, வகுப்பு முடிந்து ஹாஸ்டல் போய்ச் சேரும் வரைக்கும் என்றாள்.

எந்த ஹாஸ்டல் என்று கேட்டேன். கடைப்பெண் சுத்தமாக இருந்த திரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துச் சொன்னாள், "காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற படிப்பு. ரெண்டு வருஷம். இடம் கிடைச்சிருச்சு, அடுத்த மாசம் போகணும்." இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "வீட்ல சொன்னா பேசிப் பேசியே முடிச்சிடுவீங்க. இங்கன்னா சத்தம் போடமாட்டீங்க." அதோடு விட்டாளா, மகளுக்கு எல்லாம் தெரியும் என்று உன்னையும் இழுத்துவிட்டாள். அதைக் கேட்டதும் காலுக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி இருந்தது. உனக்குத் தெரியும். வாராவாரம் என்னோடு பேசினாய், மழை பெய்ததா, மாத்திரை போட்டீர்களா என்றெல்லாம் கேட்டாய், இதை மட்டும் விழுங்கிவிட்டாய்.

வெளியே வந்து வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு மூடவில்லை என்று ஒருவர் போனில் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லி வைத்த பிறகு எந்தக் கட்டடம் என்று நினைவில்லை, திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்படி ஒரு நிலைமை. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வேறொரு லேப்டாப் முன்னால் நின்று கையால் பேசிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், அவள் சொல்வதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. உள்ளே போய், "இப்ப என்ன சொன்னே?" என்று கேட்டேன். கையை இறக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அவரு கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு, திரும்பி வருவாருன்னு சொன்னேன்."

"கோபம் இல்ல. பயம்," என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், கடையென்றும் பார்க்கவில்லை.

கடைசியில் வாங்கியது ஏதோ கம்பெனியில் ஓடித் திரும்பி வந்து, சரிபார்த்து விற்கும் ஒன்று. திரை சின்னது, கனம் இல்லை, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். புது பேட்டரி போட்டிருக்கிறார்கள், ஒரு வருஷ வாரண்டி. அதே விலைக்குப் புதிது எதிலும் விரல் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன், கீல் தளர்ந்திருந்தது, அதே மாதிரி வேறொன்று எடுத்துத் தரச் சொன்னேன். அந்த அளவுக்காவது என் வேலை இருந்தது.

இப்போது முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டைப் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். வாஷிங் மெஷினில் எதை அழுத்த வேண்டும் என்று எனக்குப் பாடம் நடக்கிறது. சமையலும் துணியும் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. வேலை முடிந்து வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட வேண்டும், அதை நினைத்தால்தான் என்னவோ செய்கிறது. போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். உன் மேல் இருந்த வருத்தமும் எழுத எழுதப் பாதி கரைந்துவிட்டது, மீதியை நீ வரும்போது நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. நினைத்த காரியமெல்லாம் கைகூடி, மனநிறைவோடு நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த மாதத்திலிருந்து அம்மாவை வகுப்பு நேரத்தில் கூப்பிடாதே, பாடம் கெடும். என்னை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா